ஓட்டை போட்டதால் ஊரிலேயே தங்கிய காசு

கேள்வி இதுதான்: "இணையத்தில் ஒரு வெள்ளிக் காசு விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய ஸ்பெயின் காசாம். நடுவில் பெரிய ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நியூ சவுத் வேல்ஸ், 1813 என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. 3,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா? ஓட்டை விழுந்த காசு எப்படிச் செல்லும்? அடுத்த நாட்டு ராஜாவின் காசில் இன்னொருவர் எப்படி முத்திரை குத்தலாம்?"

வாங்க வேண்டாம். அந்தக் காசில் உண்மையானது என்று உலகத்தில் இன்று சுமார் 300தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எங்கே, யாரிடம் இருக்கின்றன என்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சங்களில் பேசுவார்கள். 3,000 ரூபாய்க்கு வருவது நினைவுப் பொருளாகச் செய்த நகல், அல்லது ஏமாற்றச் செய்த நகல். சுற்றுலாக் கடையில் வாங்கி வைக்கிற மாதிரி அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் சரி, ஆனால் அதற்கு 3,000 அதிகம்.

மற்ற இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் ஓட்டைக் காலணா பார்த்திருப்பீர்கள். 1943-ல் போர்க்காலத்தில் வந்தது, தாமிரத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளையோடே அடித்த காசு. அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைக்குக் கட்டியவர்கள் உண்டு. அது பிறக்கும்போதே ஓட்டையோடு பிறந்தது. நீங்கள் கேட்கிற காசு அப்படியல்ல. முழுதாகப் பிறந்து, பல நாடு சுற்றி, கடைசியில் ஒரு கடற்கரை ஊரில் குத்துப்பட்டது. குத்தியதற்குக் காரணம் வெள்ளியை மிச்சம் பிடிப்பதும் அல்ல. காசு கப்பலேறி ஓடிவிடாமல் இருக்கத்தான் குத்தினார்கள். மாட்டுக்குக் காலில் கட்டை கட்டி விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அடிக்காசு, அதாவது குத்துவதற்கு முன் இருந்த மூலக் காசு, என்ன என்று பார்த்துவிடலாம். அது ஸ்பெயினின் எட்டு ரியால். ஆங்கிலேயர் அதை ஸ்பானிஷ் டாலர் என்றார்கள். மெக்ஸிகோவிலும் பெருவின் லிமாவிலும் இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளியை அங்கேயே அடித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். எடை ஏறக்குறைய 27 கிராம், அகலம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர், நூற்றில் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1772-க்கு முன் அடித்ததில் இரண்டு தூண்களும் நடுவில் இரண்டு உலக உருண்டைகளும் இருக்கும். அதற்குப் பின் அடித்ததில் ராஜாவின் தலை இருக்கும். சீனாவில் தேயிலை வாங்க வேண்டுமா, வங்காளத்தில் துணி வாங்க வேண்டுமா, இந்தக் காசு இருந்தால் போதும். அன்றைய உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட பணம் இதுதான்.

ஐரோப்பியர் குடியேறிய தீவுகளுக்கு வந்த வினையும் அதுதான். ஒரு தீவில் மாவு, துணி, ஆணி, கருவாடு எல்லாமே வெளியிலிருந்து வந்து இறங்க வேண்டும். கொண்டுவந்த கப்பல்காரர் விற்ற பணத்தை நல்ல வெள்ளியாக வாங்கிக்கொண்டு பாய் விரித்துவிடுவார். தீவுக்காரர் கையில் மிஞ்சுவது கடன் சீட்டும் தேய்ந்துபோன சில்லறையும்தான். இங்கிலாந்து தன் சொந்த வெள்ளிக் காசைக் குடியேற்றங்களுக்கு அனுப்ப மனமில்லாமல் இருந்தது. அங்கேயே பஞ்சம், பிறகு எங்கே அனுப்புவது?

முதலில் எல்லாரும் முயன்ற வழி, காசின் பெயர்மதிப்பை உயர்த்துவது. லண்டனில் அந்த டாலரின் மதிப்பு சுமார் 4 ஷில்லிங் 6 பென்ஸ். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.) "எங்கள் ஊரில் இதை 5 ஷில்லிங்குக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு தீவு சொல்லும். பக்கத்துத் தீவு 6 என்று சொல்லி இழுக்கும். 1704-ல் ராணி ஆன் பெயரில், குடியேற்றங்களில் எங்கேயும் 6 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று லண்டன் ஆணை போட்டது. யார் கேட்டது? 1758-ல் ஜமைக்கா ஸ்பெயின் காசுகளில் ஜி.ஆர். என்ற எழுத்துகளைச் சின்ன வட்டத்துக்குள் குத்தி, டாலரை 6 ஷில்லிங் 8 பென்ஸுக்கு ஓடவிட்டது. ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்.

நாணயம் சேர்ப்பவர்கள் இப்படிக் குத்துவதைக் கவுண்டர்மார்க் என்றே சொல்கிறோம். நான் மேல்முத்திரை என்று எழுதுகிறேன். அடுத்த ராஜாவின் காசில் எப்படிக் குத்தலாம் என்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்பெயின் ராஜாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர் தலை போட்ட வெள்ளியை, வெள்ளியாகத்தான் எல்லாரும் வாங்கினார்கள். தட்டாரிடம் கொடுத்து உருக்கவும் உரிமை உண்டு, முத்திரை குத்தவும் உரிமை உண்டு. "இந்த வெள்ளி எங்கள் எல்லைக்குள் இன்ன மதிப்புக்குச் செல்லும், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்று உள்ளூர் ஆட்சி சொல்வதுதான் மேல்முத்திரை. காசு பழைய ராஜாவுடையது, வாக்கு புதிய ஆளுடையது.

இங்கிலாந்தே இதைச் செய்தது, அதுவும் ஒரு தீவுதானே. 1797-ல் வெள்ளித் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோது, இங்கிலாந்து வங்கி ஸ்பெயின் டாலரில் நான்காம் சார்லஸின் கழுத்துப் பக்கம் மூன்றாம் ஜார்ஜின் சின்னஞ்சிறு தலையைக் குத்தி 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வெளியிட்டது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கட்டியதற்கு அடையாளமாகக் குத்தும் முட்டை வடிவ முத்திரையையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு கிரௌன் என்பது 5 ஷில்லிங். "இரண்டு ராஜா தலை சேர்ந்தும் ஒரு கிரௌன் பெறவில்லை" என்று லண்டன்காரர்கள் கிண்டலடித்தார்கள். கள்ள முத்திரை வெள்ளம்போல் வரவே, சில மாதங்களில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்முத்திரைக் காசின் கதை எங்கே போனாலும் பின்னாலேயே கள்ளன் வருவான்.

சரி, உங்கள் காசில் எழுதியிருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு, அந்த ஆங்கிலேயக் குடியேற்றத்தின் சிட்னிக்கு வருவோம். ஆஸ்திரேலியா தீவா கண்டமா என்ற சண்டை வேண்டாம். 1812-ல் சிட்னி என்பது கடலுக்கு முதுகைக் காட்ட முடியாத ஒரு கைதிக் குடியிருப்பு. அதன் பணப் பிரச்சினை அச்சு அசல் தீவின் பணப் பிரச்சினை. ஏற்றுமதி செய்யச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. வந்த காசு வந்த கப்பலிலேயே திரும்பிப் போனது. ஆளுக்கு ஆள் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கூலியை ரம் சாராயத்தில் கொடுத்தார்கள். முந்தைய ஆளுநர் பிளை, சாராயம் பணமாக ஓடுவதைத் தடுக்கப் போய், 1808-ல் படையினரே அவரைச் சிறைப்பிடித்தார்கள். அப்புறம் வந்த ஆளுநர் லாக்லன் மக்குவாரி, ஒழுங்கான பணம் இல்லாமல் ஊர் நிற்காது என்று லண்டனுக்கு எழுதினார். லண்டன் 10,000 பவுண்டு மதிப்புள்ள ஸ்பெயின் டாலர் அனுப்ப ஏற்பாடு செய்தது.

அந்தக் காசு எங்கிருந்து போனது தெரியுமா? நம் மதராஸிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி மூலமாக 40,000 டாலர்கள் சமராங் என்ற போர்க்கப்பலில் ஏறி, 1812 நவம்பர் 26 அன்று சிட்னியில் இறங்கின. ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் முதல் சொந்தக் காசு என்று கொண்டாடும் அந்த வளையத்தின் வெள்ளி, மெக்ஸிகோ மலையில் பிறந்து மதராஸ் கரையில் படகேறிய வெள்ளி.

மக்குவாரிக்குத் தெரியும், இந்த 40,000-ஐ அப்படியே கடைத்தெருவில் விட்டால் அடுத்த கப்பலிலேயே காணாமல் போகும் என்று. அதனால் ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு வட்டத்தைக் குத்தி எடுத்துவிட முடிவு செய்தார். வெளி வளையம் ஒரு காசு, குத்தி எடுத்த நடுத்துண்டு இன்னொரு காசு. வளையத்துக்கு 5 ஷில்லிங், நடுத்துண்டுக்கு 15 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் 3 பென்ஸ். வளையத்தை ஹோலி டாலர் என்றும் துண்டை டம்ப் என்றும் ஊர் சொல்லிப் பழகியது. ஹோலி என்றால் இங்கே புனிதம் இல்லை, ஓட்டை. எங்கள் குழுவில் ஒருவர் இதைப் "புனித டாலர்" என்று மொழிபெயர்த்துச் சொல்லி இன்றுவரை கேலிக்கு ஆளாகிக்கொண்டிருக்கிறார்.

இதில் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும், ரசமே அங்கேதான். முழு டாலருக்கு அங்கே 4 ஷில்லிங் 9 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 57 பென்ஸ். 27 கிராம் வெள்ளிக்கு 57 பென்ஸ். நடுத்துண்டு போனபின் வளையம் சுமார் 21 கிராம். அதில் இருக்கும் வெள்ளி 45 பென்ஸ் போலத்தான் தேறும். ஆனால் சிட்னிக் கடையில் அதற்கு 60 பென்ஸ் சாமான் கிடைக்கும். ஒரு கப்பல் தலைவர் ஆசைப்பட்டு அந்த வளையத்தைக் கல்கத்தாவுக்கோ சீனாவின் கேன்டனுக்கோ எடுத்துப் போனால், அங்கே காசு மாற்றுகிற சராப் ராஜாவின் முகத்தையா பார்ப்பான்? தராசில் போடுவான். ஒரு வளையத்துக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு நஷ்டம். அதனால் கப்பல்காரர் சிட்னியிலேயே செலவழித்துவிட்டுப் போவார். காசைச் சேதப்படுத்தினால்தானே மதிப்புக் குறையும் என்று தோன்றும். சேதப்படுத்தியதே அதற்காகத்தான். வெளியே மதிப்புக் குறையக் குறைய உள்ளே அது பத்திரம்.

அரசுக்கும் லாபம். 57 பென்ஸ் காசு 75 பென்ஸ் ஆகிவிட்டது. மொத்தம் 39,910 வளையம், அதே அளவு துண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 12,470 பவுண்டு. அனுப்பியது 10,000 பவுண்டு மதிப்பு.

குத்தியது யார்? வில்லியம் ஹென்ஷால். கள்ளக்காசு அடித்த குற்றத்துக்காக இங்கிலாந்தில் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று வந்த கைதி. ஆஸ்திரேலியாவின் முதல் நாணயச்சாலைக்காரர் என்றால் அவர்தான். யோசித்துப் பாருங்கள், அந்த ஊரில் காசு அச்சு வெட்டத் தெரிந்த ஆள் வேறு யார் இருப்பார்கள்? நல்ல இயந்திரம் கிடையாது, பழகிய ஆட்கள் கிடையாது. 4 சென்டிமீட்டர் வெள்ளித் தட்டில் நடுத்துண்டு சிதையாமல், வளையமும் வளையாமல் குத்த வேண்டும். குத்தியபின் வளையத்தின் உள்விளிம்பை ஒட்டி ஒரு பக்கம் நியூ சவுத் வேல்ஸ், 1813 என்றும், மறுபக்கம் ஃபைவ் ஷில்லிங்ஸ் என்றும் அடிக்க வேண்டும். துண்டில் இருக்கும் ஸ்பெயின் அடையாளத்தை நசுக்கி, ஒரு பக்கம் கிரீடமும் மறுபக்கம் ஃபிஃப்டீன் பென்ஸ் என்பதும் வர வேண்டும். 1813 ஜூலை 1-ல் அறிவிப்பு வந்தது, செப்டம்பர் 30 முதல் செல்லும் என்றார்கள். வேலை முடிந்து காசு கைக்கு வர 1814 ஆகிவிட்டது. காசில் மட்டும் 1813 நிலைத்துவிட்டது. இந்த வேலைக்கு நடுவிலும் மனிதர் தன் பெயரின் முதல் எழுத்தான எச்-ஐ அச்சில் பொடிதாகச் சேர்த்துவிட்டார். முன்பு செய்த வேலையில் கையெழுத்துப் போட முடியாதவர், இந்த முறை போட்டுக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் அந்தக் காசை ஒரே ஒரு முறை, அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராஜாவின் முகம் முழுக்கப் போய்விட்டது. வெளி விளிம்பில் கரோலஸ், அதாவது சார்லஸ், என்ற பெயரும் கடவுள் அருளால் என்ற லத்தீன் வரியும் மட்டும் முகம் இல்லாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன. உள்விளிம்பில் புதுப் பெயர். இரண்டு எழுத்து வட்டங்களுக்கும் நடுவில் ராஜாவின் பின்னந்தலை முடியும் முதுகுத் துணியின் மடிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மறுபக்கம் கேடயம் போய், இரண்டு தூண்கள் மட்டும் காவல்காரர்கள் மாதிரி நிற்கின்றன.

1822 முதல் இவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கி, 1829-ல் செல்லாது என்று முடித்தார்கள். திரும்பி வந்ததை உருக்கினார்கள். தப்பியது சுமார் 300 வளையம், ஆயிரம் துண்டு. டாஸ்மேனியாத் தீவிலும் இவை ஓடின.

ஓட்டை போடும் யோசனை மக்குவாரியுடையது அல்ல. கரீபியன் தீவுகளில் அது ஏற்கெனவே வழக்கம். அங்கே ஒவ்வொரு தீவுக்கும் ஒரு குத்து, ஒரு வெட்டு. மார்ட்டினிக் இதய வடிவில் ஓட்டை போட்டது. டிரினிடாட் 1811-ல் வளையத்துக்கு 9 ஷில்லிங், துண்டுக்கு 1 ஷில்லிங் என்று வைத்தது. குவாதலூப்பில் அதே ஆண்டு சதுர ஓட்டை, மேலே கிரீடத்தோடு ஜி எழுத்து. அப்போது தீவைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஆங்கிலேயர், ஆனால் மதிப்பைச் சொன்னது பிரெஞ்சுக் கணக்கில், 9 லிவ்ர். ஸ்பெயின் காசு, ஆங்கில ஆட்சி, பிரெஞ்சு விலை. டொமினிக்காவில் நடுத்துண்டை மோகோ என்று கூப்பிட்டார்கள். செயின்ட் லூசியா ஓட்டையே போடவில்லை. மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோட்டு வெட்டு, வாழைக்காய் சீவுவது போல மூன்று துண்டு. நடுத்துண்டு பெரியது, ஓரத்துண்டுகள் சிறியவை, ஒவ்வொன்றிலும் தீவின் பெயர்.

சில்லறை வேண்டுமே, அதற்குத்தான் வெட்டு. எட்டு ரியாலை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ரியால். ஆங்கிலம் பேசுபவர்கள் அதை பிட் என்றார்கள். அமெரிக்காவில் கால் டாலருக்கு இரண்டு பிட் என்ற பேச்சு இருப்பது இந்தக் கணக்கில்தான். வெட்டு வந்ததும் தில்லுமுல்லும் வந்தது. கொல்லர் கையில் ஒரு டாலரைக் கொடுத்து நாலாக வெட்டச் சொன்னால், உளியைக் கொஞ்சம் சாய்த்து ஐந்தாக வெட்டி, நாலைக் கொடுத்துவிட்டு ஒன்றை மடியில் போட்டுக்கொள்வார். பார்க்கிற கண்ணுக்குக் கால் துண்டு மாதிரியே இருக்கும். தராசு இல்லாத சந்தையில் யார் கண்டார்கள்? கியூராசாவோத் தீவில் ஐந்தாக வெட்டுவதையே அரசு ஏற்று, ஐந்தில் ஒரு துண்டுக்கு 3 ரியால் என்று முத்திரை குத்திவிட்டது. அதாவது ஒரு காசின் ஐந்து துண்டும் சேர்ந்தால் 15 ரியால்! கொல்லர் வெட்கப்பட்டிருப்பார்.

வெட்டிய விளிம்பை ரம்பம் மாதிரிப் பல் பல்லாக வெட்டியிருப்பதையும் பல தீவுக் காசுகளில் பார்க்கலாம். அலங்காரத்துக்கு அல்ல. நேர் விளிம்பாக இருந்தால் அரம் வைத்துச் சுரண்டி வெள்ளிப் பொடி எடுத்தாலும் தெரியாது. பல் விளிம்பில் அரம் பட்டால் பல் மழுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1813-ல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே முழு டாலரே 5 ஷில்லிங். நடுத்துண்டைக் குத்தி எடுத்து, வளையத்துக்கு 5, துண்டுக்கு 1 என்று அறிவித்தார்கள். சுற்றிக் கதிர் விடும் சூரியன் போன்ற ஒரு சின்ன முத்திரை. அரசு குத்தியது ஆயிரம் டாலர் போல. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு டாலரும் ஒரு குத்துளியும் இருந்தால் யாரும் உட்கார்ந்த இடத்தில் 1 ஷில்லிங் சம்பாதிக்கலாம். கதிர் முத்திரை செய்ய ஹென்ஷால் தேவையில்லை, சாதாரணக் கொல்லர் போதும். ஊர் வியாபாரிகளே குத்தத் தொடங்க, ஒரே ஆண்டில் அரசு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டது. சிட்னியில் இது நடக்காததற்குக் கள்ளக்காசுக்கு வைத்த கடும் தண்டனை ஒரு காரணம். தேர்ந்த கள்ளக்காசுக்காரர் அரசுச் சம்பளத்தில் இருந்தார் என்பதும் ஒரு காரணம் என்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தைப் பிடித்து வைக்கும் கதை. பிலிப்பைன்ஸ் கதை வேறு ஜாதி. அங்கே பிரச்சினை பணம் ஓடுவது இல்லை, பணத்தில் எழுதியிருந்த வார்த்தை.

பிலிப்பைன்ஸ் ஸ்பெயினுடையது. அதற்கு வெள்ளி வந்ததெல்லாம் மெக்ஸிகோவிலிருந்து. 1821-ல் மெக்ஸிகோ விடுதலை பெற்றது. அடுத்தடுத்துப் பெருவும் பொலிவியாவும். வெள்ளி அதே மலையிலிருந்துதான் வந்தது, ஆனால் ராஜாவின் தலைக்குப் பதில் மெக்ஸிகோ காசில் கதிர்கள் வீசும் ஒரு தொப்பி, அதன் பட்டையில் லிபர்தாத், சுதந்திரம். பொலிவியாக் காசில் புரட்சித் தலைவர் பொலிவாரின் முகம். இந்தக் காசு இல்லாமல் மணிலாவில் வியாபாரம் நடக்காது. இந்தக் காசை அப்படியே விட்டால் ஒவ்வொரு கூலியின் கையிலும் "சுதந்திரம்" போய்ச் சேரும். 1828-ல் ஆளுநர் மரியானோ ரிக்காஃபோர்ட் ஒரு வழி சொன்னார். வரும் காசு முழுவதன் மேலும், "நம் அரசர் ஏழாம் ஃபெர்னாண்டோவால் செல்லுபடியாக்கப்பட்டது" என்று ஸ்பானிய மொழியில் ஒரு பக்கம், மணிலா 1828 என்று மறுபக்கம், முழு அச்சாக அடித்து மூடிவிட வேண்டும்.

வெள்ளி அவ்வளவு எளிதில் மறந்துவிடாது. இன்று அந்தக் காசுகளை எடுத்துப் பார்த்தால், மேலே கிரீடம், அடியில் தொப்பியின் கதிர்கள் எட்டிப் பார்க்கும். இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து எதையும் படிக்க விடாது. முழு அச்சு அடிப்பது செலவு, சிரமம். 1832 முதல் சின்னதாக ஒரு வட்டம், அதில் கிரீடமும் எஃப்.7-ம் மட்டும் குத்தினால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அடுத்த ஆண்டு ராஜா இறந்தார், மகள் இரண்டாம் இசபெல் குழந்தை. 1834-லிருந்து முத்திரை ஒய்.II ஆனது. இசபெல் என்பதை அன்று ஒய்-யில் தொடங்கி எழுதுவார்கள். 1836 கடைசியில் ஸ்பெயின் மெக்ஸிகோவின் விடுதலையை ஒப்புக்கொண்டதும், 1837-ல் முத்திரை குத்துவது நின்றது. "சுதந்திரம்" இனி முத்திரை இல்லாமலே மணிலாவில் செல்லலாம்.

கடைசியாக அசோர்ஸ். அட்லாண்டிக் நடுவில் போர்ச்சுகலின் ஒன்பது தீவுகள். 1887 வரைக்கும் அங்கே பிரேசில், ஸ்பெயின், மெக்ஸிகோ, பிரான்ஸ் என்று எந்த நாட்டு வெள்ளியும் ஓடியது. அந்த ஆண்டு, தீவில் இருக்கும் அயல் காசுகளில் கிரீடத்தோடு ஜி.பி., போர்ச்சுகல் அரசு, என்று குத்தி ஒழுங்கு செய்தார்கள். இந்த முத்திரையை நான் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் தோற்ற இடம் இது.

சேர்க்க ஆரம்பித்த மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, ஒரு கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம் ஜி.பி. குத்திய மெக்ஸிகோ வெள்ளி வாங்கினேன். நல்ல காசு, உண்மையான வெள்ளி, எடையும் சரி. முத்திரை அழகாக, கிரீடத்தின் ஒவ்வொரு முத்தும் தெரிய இருந்தது. வீட்டுக்கு வந்து மேசை விளக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, காசின் ஆண்டைக் குறிப்பேட்டில் எழுதினேன்: 1891. எழுதிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முத்திரை 1887-ல் குத்தியது. காசு 1891-ல் பிறந்தது. குத்தியவனுக்கும் தெரியவில்லை, வாங்கிய எனக்கும் கடையில் தோன்றவில்லை. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, விற்க மாட்டேன். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். பாதிப் பேர் முத்திரையைப் பற்றியே பேசுவார்கள்.

அதனால் எந்த மேல்முத்திரைக் காசு வந்தாலும் முதலில் அடிக்காசின் ஆண்டைப் பாருங்கள். முத்திரைக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அப்புறம் காசைத் திருப்பி, முத்திரைக்கு நேர் பின்புறம் பாருங்கள். தனியாக ஒரு முத்திரையைச் சுத்தியலால் அடித்திருந்தால் பின்னால் அந்த இடம் சற்றுத் தட்டையாகியிருக்கும், வெள்ளி எங்காவது ஒதுங்கித்தானே ஆக வேண்டும். வார்ப்பு நகலில் முத்திரையும் காசும் ஒரே நேரத்தில் பிறந்ததால் அந்த நசுங்கல் இருக்காது. தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காசு பல ஆண்டு ஓடித் தேய்ந்து, முத்திரை ஓரளவு தேய்ந்திருப்பது இயல்பு. காசு மொழுமொழுவென்று தேய்ந்து, முத்திரை மட்டும் நேற்று அடித்த மாதிரிப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எடை பாருங்கள், காந்தம் வையுங்கள், இவை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொன்று. பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் போய்வந்தவர்கள் குடும்பத்தில் சில சமயம் பழைய வெள்ளி டாலர்கள் கிடைக்கும், மேலெல்லாம் சின்னச் சின்னச் சீன எழுத்துக் குத்துகளோடு. அவை மேல்முத்திரை அல்ல. "சோதித்தேன், வெள்ளிதான்" என்று சீனக் காசு மாற்றுபவர்கள் தனிப்பட்ட முறையில் குத்தியவை. நம் ஊர் ரூபாய்களில் சராப் குத்திய அடையாளம் இருக்குமே, அதே வகை. அந்தக் குத்து சொல்வது வெள்ளியின் தரத்தை மட்டும். தீவு அரசின் முத்திரை சொல்வது, எங்கே செல்லும், எவ்வளவுக்குச் செல்லும் என்பதை. விலையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

உங்களுக்கு இந்த வகையில் ஏதாவது ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால், சிட்னி வளையத்தை விட்டுவிட்டு, மதராஸ் அரைப் பூவராகனைத் தேடுங்கள் என்பேன். சிட்னிக்கு அந்த 40,000 டாலர் கப்பலேறுவதற்குச் சில ஆண்டுகள் முன், 1808 வாக்கில், மதராஸ் நாணயச்சாலையில் அடிக்கத் தொடங்கிய பெரிய வெள்ளிக் காசு அது. ஒரு பக்கம் கோபுரம், இருபுறமும் நட்சத்திரங்கள். மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் சுவாமி, சுற்றித் தமிழும் தெலுங்கும். அவற்றில் பல, ஸ்பெயின் டாலரை உருக்காமல் அதன் மேலேயே அச்சு அடித்தவை. என்னிடம் தேய்ந்தது ஒன்று இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்தால் கோபுரத்து நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு ஸ்பெயின் எழுத்தின் வளைவு தெரியும். சி என்று நான் சொல்கிறேன். வீட்டில் அது தேய்மானம் என்கிறார்கள்.